அவன் வசனம் அவனுக்கு

ஸ்டெபினுக்கு உலகத்திலேயே சொல்லக் கடினமான சொல் எது என்று கேட்டால், 'ஸ்டெபின்'தான். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஞானஸ்நானத்துக்கு ஏந்திக்கொண்டு நிற்கிற குழந்தை பின்னாளில் எந்த எழுத்தில் மாட்டிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அந்த வருடம் நாசரேத் ஊர்ச் சொந்தக்காரர்கள் வட்டத்தில் மூன்று பிள்ளைகளுக்கு அதே பெயர். மற்ற இரண்டு ஸ்டெபின்களும் யாராவது பெயர் கேட்டால் டக்கென்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். நம்மவனுக்கு முதல் எழுத்து பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். கண் சுருங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிரே இருப்பவர் வாட்சைப் பார்க்க ஆரம்பிப்பார்.

பள்ளிக்கூடத்தில் இந்த விஷயம் என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பெஞ்சுப் பையன்கள் அவனைப் போலவே பேசிக் காட்டினார்கள். அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான், திருப்பி இரண்டு வைக்கவும் செய்தான். தாங்க முடியாமல் போனது வாத்தியார்களின் இரக்கத்தைத்தான். வரிசையாக எழுந்து பாடம் வாசிக்கும்போது, அவன் முறை வந்ததும், "பாவம், அவன விட்டுரு, அடுத்த ஆளு படி" என்று ஒரு குரல் வரும். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒன்றும் படிக்காமல் உட்கார்ந்த அந்தப் பையன் வீட்டுக்கு வரும்வரை யாரோடும் பேசமாட்டான்.

வீடு முத்தையாபுரத்தில். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் நாள் முழுக்க அந்த வழியாகத்தான் அலறிக்கொண்டு போகும். அப்பா சுந்தரராஜ் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா தேவமணி வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், சபைப் பெண்கள் ஐக்கியத்தின் சமையலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறவர். மூன்று வயது இளைய தங்கை பெனிஷா. இந்த நாலு பேரும் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியை அணைத்துவிட்டுப் பாயை விரிப்பார்கள். ஒரு பாட்டு. பிறகு வேதத்தில் ஒரு அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றிச் சுற்றி வரும். பிறகு ஜெபம். மழையோ, விருந்தாளியோ, பரீட்சையோ, ஏழு மணி என்றால் ஏழு மணிதான்.

பாட்டில் ஸ்டெபினுக்குத் திக்காது. ராகம் இருந்தால் சொற்கள் ஒழுங்காக ஒன்றன் பின் ஒன்றாக வந்துவிடும். வசனத்தில்தான் மாட்டிக்கொள்வான். அவனுக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள், ஒரு நீளமான சொல்லில் அவன் நின்றுபோக, ஏழு வயது பெனிஷா பொறுமையில்லாமல் அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிட்டாள். ஸ்டெபின் அப்படியே வாயை மூடிக்கொண்டான்.

"ஏளா," என்றார் தேவமணி. "ஒன் வாய்ச் சோத்த நான் மென்னு துப்புனா நீ எடுத்துத் தின்பியா?"

பெனிஷா மூக்கைச் சுளித்தாள். "சீ, மாட்டேன்."

"பெறவு என்ன அவசரம்? பொறு."

சுந்தரராஜ் அதிகம் பேசுகிறவர் அல்ல. கரும்பலகையில் சூத்திரம் எழுதுகிற மாதிரி ஒரே வரியில் சொன்னார்: "அவன் வசனம் அவனுக்கு. எவ்வளவு நேரம் ஆனாலும்."

அன்றிலிருந்து அதுதான் அந்த வீட்டின் சட்டம். இதை எந்த டாக்டரும் சொல்லித்தரவில்லை. பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சிக்கு ஆறேழு மாதம் கூட்டிப் போனது உண்மைதான், அங்கே கற்ற மூச்சுப் பயிற்சிகள் கொஞ்சம் உதவியதும் உண்மைதான். ஆனால் இந்தச் சட்டம் பாயில் பிறந்தது. வேதத்தில் நூற்றெழுபத்தாறு வசனம் கொண்ட சங்கீதம் ஒன்று உண்டு. மற்ற வீடுகளில் அதை நாலைந்து நாளாகப் பங்கு வைத்துப் படிப்பார்கள். கணக்கு வாத்தியார் வீட்டில் பின்னம் கிடையாது. ஒரே உட்காரலில் ஆளுக்கு நாற்பத்து நாலு. அந்தச் சங்கீதம் வருகிற நாளில் தேவமணி எல்லோருக்கும் முன்கூட்டியே சோறு போட்டுவிடுவார். பெனிஷா நடுவில் தூங்கிவிழுவாள், அவள் முறை வரும்போது தட்டி எழுப்புவார்கள். ஸ்டெபின் முறை வரும்போது அப்பா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொள்வார். அம்மா பாயின் ஓரத்து நூலை நீவிக்கொண்டிருப்பார். அவர்கள் பொறுத்துக்கொண்டிருப்பதாகவே தெரியாது. பஸ் வரும்வரை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோமே, அதைப் பொறுமை என்றா சொல்கிறோம்? அதுபோல இயல்பாக இருப்பார்கள்.

கோயிலில் கதையே வேறு. சபையார் முந்நூறு பேர் சேர்ந்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது ஸ்டெபினுக்கு ஒரு எழுத்துகூடத் திக்காது. கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் வந்துவிடும், அது ஏன் என்று அவனுக்கும் தெரியாது. சின்ன வயதில் அதை அற்புதம் என்றே நம்பினான். ஞாயிற்றுக்கிழமை காலை எழுப்பவே வேண்டாம், சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பான். பின்னாளில் பாடகர் குழுவில் சேர்ந்து, கிறிஸ்துமஸ் கீத பவனியில் தனிப்பாட்டுப் பாடுகிற அளவுக்கு வந்தான். நல்ல கனத்த குரல்.

இப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது. தன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே நினைப்பான். கூட்டத்தில் ஒருவனாகக் குரல் கொடுக்கக் கோயில் கற்றுக்கொடுத்தது. தனி ஆளாகக் குரல் கொடுக்க வீடு இடம் கொடுத்தது. கடவுள் அவசரப்படுகிறவர் அல்ல என்று பிரசங்கத்தில் கேட்டு அவன் நம்பவில்லை; ஏழு மணிப் பாயில் பார்த்து நம்பினான். இதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது என்பது அவன் எண்ணம்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் முடித்துவிட்டு, இரண்டு இன்டர்வியூவில் பெயர் சொல்ல முடியாமலே வெளியே வந்தவனுக்கு, மூன்றாவதாக ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை கிடைத்தது. இறாலும் மீனும் ஏற்றி வெளிநாடு போகிற குளிர்சாதனக் கண்டெய்னர்களைக் கவனிக்கிற வேலை. கரண்ட் கொடுத்து, மைனஸ் பதினெட்டில் நிற்கிறதா என்று பார்த்து, வாக்கிடாக்கியில் கண்டெய்னர் எண்ணையும் டிகிரியையும் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல வேண்டும். கண்ட்ரோல் ரூமில் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர் வேல்ராஜ் அண்ணாச்சி. வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒருவர், "இந்தப் பையன் ஒரு நம்பர் சொல்ல இவ்வளவு நேரம் எடுக்கிறானே" என்று சலித்துக்கொண்டார்.

"சார், மத்தவன் வேகமாத்தான் சொல்லுதான். நான் மூணு தடவ திருப்பிக் கேக்கேன்," என்றார் வேல்ராஜ். "இவன் ஒரு தடவதான் சொல்லுவான், அது தப்பவே தப்பாது. எது லாபம்னு நீங்களே பாத்துக்கிடுங்க." பிறகு வாக்கிடாக்கியை எடுத்து, "ஏலே தம்பி, ஒன் பாட்ட ஆரம்பி, நான் எங்கயும் போகல" என்றார்.

இப்படி வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கல்யாணப் பேச்சு வந்தது. பக்கத்துச் சபைப் போதகரின் மனைவி, ஐயரம்மா, கொண்டுவந்த சம்பந்தம். பெண் பெயர் ஈவாஞ்சலின், சாத்தான்குளம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். அவள் அப்பா கிளாட்வின் அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பெரியவர்கள் போனில் பேசினார்கள், பிள்ளைகள் இருவரும் வாட்ஸ்அப்பில் பேச அனுமதி கிடைத்தது.

வாட்ஸ்அப்பில் ஸ்டெபின் பெரிய வாயாடி. விரல் திக்காது அல்லவா? யார்டு கதைகள், வேல்ராஜ் அண்ணாச்சி கிண்டல்கள், பிரசங்கத்தில் தூங்கிய பாடகர் குழுத் தலைவர் என்று அவன் எழுத எழுத, அவளும் விட்டுக்கொடுக்காமல் பதில் அடித்தாள். டாக்டர் கையெழுத்தைப் படிக்க முடியாமல் மாத்திரைப் பெயரைப் பாட்டியிடமே கேட்ட கதையை அவள் எழுதியபோது, அவன் கண்டெய்னருக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்தான். மூன்று வாரத்தில் அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் சம்பந்தம் கூடி வர வேண்டும் என்று ஏழு மணி ஜெபத்தில் வாய்விட்டே கேட்டான்.

இங்கேதான் அந்த வீடு ஒரு தப்பு செய்தது. அந்த வீட்டால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

சுந்தரராஜ் போனில் பையனைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னார். படிப்பு, வேலை, உயரம், சபையில் திடப்படுத்தல் எடுத்து முழு உறுப்பினனான வருடம், காபிக்கு எத்தனை சர்க்கரை என்பது வரை. தேவமணி கீத பவனி வீடியோவை அனுப்பிவைத்தார். அதில் ஸ்டெபின் தனியாக நின்று ஒரு சரணம் பாடுகிறான், மணி மாதிரி. ஆனால் பையனுக்குத் திக்கும் என்ற செய்தி மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை. மறைக்கவில்லை. அவர்களுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. ஸ்டெபின் தன் பங்குக்கு, அப்பா சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டான் என்பதுகூட முழு உண்மை அல்ல. அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. அவள் இரண்டு தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்பியபோதும் அவன் டைப் பண்ணித்தான் பதில் போட்டான்.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு, ஒரு பெட்டி மக்ரூனும் பழமுமாக நாலு பேரும் சாத்தான்குளம் போனார்கள். ஈவாஞ்சலின் முழுக்கை வைத்த ரோஸ் நிறச் சுடிதாரில் காபி கொண்டுவந்து வைத்தாள். ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ஸ்டெபின் தலையாட்டினான். கூடத்தில் பெரியவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்ததால் அவன் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு கிளாட்வின் எழுந்து அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தார். "ஒரு வேதபாகம் வாசிச்சு, ஜெபிச்சிட்டு மேல பேசுவோம். மாப்பிள்ளையே வாசிக்கட்டும். வீடியோவுல அந்தக் குரலக் கேட்டுட்டு வீடே அசந்துபோச்சு!"

ஸ்டெபின் புத்தகத்தை வாங்கினான். வழக்கமான இடமாக இருந்திருந்தால் முதல் வரியைத் தாண்டியிருப்பான். புது வீடு, புது முகங்கள், எதிரே அவள். முதல் சொல்லிலேயே நின்றான்.

சுந்தரராஜ் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார், தினமும் செய்வது போலவே. தேவமணி முந்தானை ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். அவர்கள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பெண்வீட்டார்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈவாஞ்சலினின் அத்தை, நல்லெண்ணத்தில்தான், அந்தச் சொல்லை எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டெபின் அடுத்த சொல்லுக்குப் போனான். அங்கேயும் நின்றான். அத்தை அதையும் சொன்னார். மூன்றாவது சொல்லுக்கு அவர் வாயெடுக்கவும் பெனிஷாவால் பொறுக்க முடியவில்லை.

"அத்தை, அண்ணனே வாசிப்பான். அவன் வசனத்த நாம சொல்லக் கூடாது."

அத்தையின் முகம் சிறுத்துப்போயிற்று. கிளாட்வின் எழுந்து வந்து, "பரவால்ல தம்பி, பதட்டமா இருக்கும், கொடுங்க" என்று புத்தகத்தை ஸ்டெபின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கடகடவென்று வாசித்து முடித்தார். ஜெபமும் அவரே செய்தார், அதுவும் சுருக்கமாக. ஆமென் சொன்ன கையோடு சுந்தரராஜ் பக்கம் திரும்பினார்.

"சார், இத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

சுந்தரராஜ் நிமிர்ந்து பார்த்தார். "எத?"

அவர் உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். மகனின் காபிக்கு எத்தனை சர்க்கரை என்பது வரை சொன்னவர், எதை விட்டுவிட்டோம் என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டவர் காதுக்கு அது திமிராகக் கேட்டது.

"எதயா? பிள்ளைக்குப் பேச்சு வரல, அத மறைச்சிட்டு, பாட்டுப் பாடுத வீடியோவ அனுப்பி வச்சிருக்கீய. எதன்னு வேற கேக்கீயளே சார்!"

அதற்குமேல் யாரும் நல்லபடியாகப் பேசவில்லை. நிச்சயதார்த்தத் தேதி குறிக்கப் போனவர்கள், காபித் தம்ளர் பாதியில் இருக்க, காரில் ஏறினார்கள்.

கார் திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தது. பிறகு முன்சீட்டிலிருந்து சுந்தரராஜ் மெதுவாகச் சொன்னார். "நான் மறைக்கலலே. எனக்கு அது நெனப்பே வரல. அவரு கேட்ட பெறவுதான், ஆமா, சொல்லியிருக்கணுமோன்னு…" அவர் குரல் உடைந்தது. அவர் அழுது அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

ஸ்டெபின் பின்சீட்டில் அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவமானம் இருந்தது. அவள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்ற வேதனை இருந்தது. ஆனாலும் அந்த 'எத?' என்ற ஒற்றைச் சொல் மனதில் இறங்க இறங்க, அவனுக்கு வேறொன்று புரிந்தது. இருபத்தெட்டு வருடம் தினம் தினம் எதிரே உட்கார்ந்து பார்த்த அப்பாவின் கண்ணில் தன்னிடம் ஒரு குறை இருந்ததே இல்லை. ஊரே பார்த்ததை இந்த மனிதர் பார்க்கவில்லை. கடவுளே, எப்பேர்ப்பட்ட வீட்டில் என்னைப் பிறக்கவைத்தாய் என்று நினைத்தான். கூடவே தன் தப்பும் உறைத்தது. அவர்கள் மறந்துபோனார்கள், சரி. தான் மறக்கவில்லையே. சொல்ல வேண்டியவன் தான்தான். எழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூன்று வாரம் ஓட்டியவன் தான்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு, யார்டில் கண்டெய்னர் நிழலில் நின்றுகொண்டு, அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான். "இப்போது போன் பண்ணுவேன். சத்தம் வரவில்லை என்றால் சிக்னல் இல்லை என்று நினைத்துக் கட் பண்ணிவிடாதீர்கள். நான் லைனில்தான் இருப்பேன்."

போன்தான் அவனுக்கு எமன். நேரில் என்றால் முகத்தையாவது பார்ப்பார்கள். போனில் அரை நிமிடம் பேச்சு வரவில்லை என்றால், ஹலோ ஹலோ என்று இரண்டு தடவை கத்திவிட்டு வைத்துவிடுவார்கள். இது அவன் ஆயுசு முழுக்கக் கண்ட அனுபவம்.

அவள் எடுத்தாள். "சொல்லுங்க" என்று ஒரு சொல் சொன்னாள். அதற்குப் பிறகு ஹலோ என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவன் சொன்னான். தன் பெயரிலிருந்தே ஆரம்பித்தான், வேண்டுமென்றேதான். பள்ளிக்கூடம், பாய், பாட்டு, எல்லாவற்றையும் சொன்னான். அப்பா மறைக்கவில்லை, அவருக்கு அது தெரியவே இல்லை என்று சொன்னான். "மறைச்சது நான்தான். நீங்க போயிருவீங்கன்னு பயந்தேன்" என்ற இரண்டு வாக்கியங்களைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவனுக்கே தெரியாது. கண்டெய்னர் விசிறிகள் காதுக்குப் பக்கத்தில் இரைந்துகொண்டிருந்தன. வைத்துவிட்டாளோ என்று நடுவில் மூன்று தடவை திரையைப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அவன் முடித்ததும், "கோவம் இருக்கு" என்றாள். "திக்குதுங்கதுக்கு இல்ல. என்கிட்ட எத்தனையோ எழுதினீங்க, இத ஒரு வரி எழுதலியே."

"த-தப்புதான்."

"நானும் ஒண்ணு எழுதல." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கு இடது கையில, முழங்கைக்குக் கீழ, வெண்திட்டு இருக்கு. பத்தாம் கிளாஸ்ல வந்தது. ஒட்டுற வியாதி இல்ல, ஒண்ணும் பண்ணாது. மருந்து குடுக்கிற எனக்கு அது தெரியும், ஊருக்குத் தெரியாதுல்ல? நிச்சயம் முடிஞ்ச பெறவு சொல்லிக்கிடலாம்னு அப்பா சொல்லிட்டாங்க. பத்து வருசமா எனக்கு எல்லாமே முழுக்கைதான்."

ஸ்டெபினுக்கு அந்த ரோஸ் சுடிதார் கண்முன் வந்துபோனது.

"உங்கப்பா எதன்னு கேட்டாங்கல்லா," என்றாள் அவள். "எங்கப்பாக்கு அது திமிராத் தெரிஞ்சுது. எனக்கு அப்படித் தெரியல. அவங்க முகத்தப் பாத்தேன். நெசமாவே அவங்களுக்குத் தெரியல. எங்க வீட்டுல என் மேல உசிரா இருப்பாங்க. ஆனா எங்க அப்பா அம்மாட்ட யாராச்சும் அப்படிக் கேட்டா, அவங்களுக்கு எதன்னு ஒடனே தெரியும்." அவள் அழுகிறாள் என்பது அவனுக்குக் கேட்டது. "ரெண்டு நாளா அதத்தான் நெனச்சிட்டு இருக்கேன். அப்பாட்ட நானே பேசுறேன். என்ன சொல்லுவாங்கன்னு தெரியல. ஜெபம் பண்ணுங்க."

அன்று ஏழு மணிக்கு ஸ்டெபின் ஜெபம் பண்ணினான். ஈவாஞ்சலினோடு பேசியதை வீட்டில் சொன்னான். கை விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது.

பன்னிரண்டு நாள் முடிவாக ஒரு தகவலும் இல்லை. வாட்ஸ்அப்பில் அவள், "பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் எழுதினாள். ஸ்டெபினுக்குச் சோறு இறங்கவில்லை. வேல்ராஜ் அண்ணாச்சிகூடக் கிண்டலைக் குறைத்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பதின்மூன்றாம் நாள் கிளாட்வின் சுந்தரராஜுக்குப் போன் செய்து, சனிக்கிழமை வீட்டுக்கு வருவதாக இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நல்லதற்கா, கெட்டதற்கா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை என்றார் சுந்தரராஜ். எதற்கும் இருக்கட்டும் என்று தேவமணி சீலா மீன் வாங்கி வரச் சொன்னார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. கிளாட்வின், அவர் மனைவி, ஈவாஞ்சலின். அத்தைக்கு அன்று தலைவலியாம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஈவாஞ்சலின் மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். அதன் கை முழங்கைக்கு மேலேயே முடிந்துவிட்டது. கீழே, மாநிறக் கையில் வெள்ளையாக, உள்ளங்கை அகலத்துக்கு அந்தத் திட்டு. அவள் கையை மறைக்கவில்லை. ஆனால் பழக்கமில்லாததால் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறினாள். தேவமணி வாசலுக்குப் போய் அந்தக் கையையே பிடித்து, "வாளா, வெயில்ல கருத்துல்லா போயிட்ட" என்று உள்ளே கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

கிளாட்வின் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கடையில் பத்து ஆளை ஏவி வேலை வாங்குகிறவர், சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுகிறவர்.

"சார், அன்னைக்கு நான் அந்தப் புஸ்தகத்த…" என்று ஆரம்பித்தார். நின்றுவிட்டார். "எம் பிள்ளைக்கு, கையில…" மறுபடி நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. நெற்றியில் வியர்த்தது.

அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. சுந்தரராஜ் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தேவமணி ஈவாஞ்சலினின் கையை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையை நீவிக்கொண்டிருந்தார். பெனிஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு லாரி அலறிக்கொண்டு போயிற்று, இன்னொன்று போயிற்று. அப்பாவின் தவிப்பைப் பார்க்க முடியாமல், "அப்பா, நான் சொல்லுதேன்" என்று ஈவாஞ்சலின் எழப்போனாள். ஸ்டெபின் அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், வேண்டாம் என்று.

அவள் உட்கார்ந்துகொண்டாள்.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கடைசியில் கிளாட்வினே சொன்னார். மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பிள்ளைய பத்து வருசமா மூடி வச்சிட்டேன்மா."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். யாரும் அவரைச் சமாதானப்படுத்த ஓடவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று இருந்தார்கள். ஈவாஞ்சலினும் தேவமணி பக்கத்தில் இருந்தபடியே சத்தமில்லாமல் அழுதாள். இந்த வீட்டுக்கு இவள் வரப்போகிறாள் என்பது ஸ்டெபினுக்கு அப்போதே உறுதியாயிற்று. நெஞ்சு நிறைந்து, ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டான்.

பிறகு அடுக்களைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து வந்து, கிளாட்வின் முன்னால் நீட்டி, மாமா என்று கூப்பிட வாயெடுத்தான். அது வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கிளாட்வின் தம்ளரை வாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சொல் வந்து சேரும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.